பூக்கிறது, காய் நிற்கவில்லை: வீட்டு நட்சத்திரப் பழ மரம் பற்றி

கோவைப் பக்கமிருந்து ஒருவர் கேட்ட கேள்வி இது. வீட்டுக்குப் பின்னால் நாலு வயதில் ஒரு நட்சத்திரப் பழ மரம் நிற்கிறது, கடையில் வாங்கிய பழத்தின் விதை போட்டு வந்தது. போன வருஷத்திலிருந்து கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஆனால் ஒரு காய் கூட நிற்கவில்லை, இலை வேறு வெளுத்து மஞ்சளாகிறது. இதை எடுத்துவிட்டு வேறு கன்று வைக்கலாமா? மாடியில் தொட்டியில் வருமா? அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, இந்தப் பழம் சர்க்கரைக்கு நல்லது என்று படித்தேன், ஜூஸ் போட்டுக் கொடுக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. அம்மாவின் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தம், சிறுநீர் இரண்டும் பரிசோதித்து, மருத்துவர் சரி என்று சொல்லும் வரை இந்தப் பழத்தை அவருக்குக் கொடுக்காதீர்கள். ஜூஸாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நட்சத்திரப் பழத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று ஆக்சாலிக் அமிலம், அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். இன்னொன்று கேரம்பாக்சின் என்ற நரம்பு நச்சு; பிரேசில் ஆய்வாளர்கள் 2013-ல் இதைத் தனியாகப் பிரித்து அடையாளம் காட்டினார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு இந்த நச்சு தானாக வெளியேறிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வெளியேறாமல் தங்கி மூளைக்குப் போகிறது. நிற்காத விக்கல், வாந்தி, கை கால் மரத்துப்போவது, தூக்கமின்மை, மனக்குழப்பம், வலிப்பு என்று போய், உயிரிழப்பு வரை பதிவாகியிருக்கிறது. அதுவும் கூடை கூடையாகத் தின்று அல்ல, டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு பழம், சிலருக்கு அதில் பாதி.

சர்க்கரை நோயாளிகளில் பலருக்குச் சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாவது வெளியே தெரிவதே இல்லை. அதனால்தான் 'சர்க்கரைக்கு நல்லது' என்று இதைப் பரப்புகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. இதன் நெருங்கிய உறவான பிலிம்பிக்காயைக் கொழுப்பு குறையும் என்று நம்பிச் சாறாகக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள், அதில் பலருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. ஆரோக்கியமானவர்களுக்குக் கூட, வெறும் வயிற்றில், உடம்பில் தண்ணீர் குறைந்த நேரத்தில், புளிப்பு ரகத்தின் சாற்றை டம்ளர் டம்ளராகக் குடித்தால் சிறுநீரகம் அடிபடும். சும்மா ஒரு பழம், இரண்டு பழம் நறுக்கித் தின்பது அவர்களுக்குப் பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. சரி, இதை ஏன் மரம் வளர்ப்பதில் சொல்கிறேன் என்றால், காய்க்க ஆரம்பித்தால் இந்த மரம் நிறையக் காய்க்கும், நீங்கள் அக்கம் பக்கத்துக்குப் பை பையாகக் கொடுப்பீர்கள். கொடுக்கும்போது 'வீட்டில் யாருக்காவது கிட்னி பிரச்சினை இருக்கா' என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். தெரியாமல் தின்றுவிட்டு விக்கல் ஆரம்பித்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், போனதும் 'நட்சத்திரப் பழம் சாப்பிட்டார்' என்று வாயால் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் சீக்கிரம் தொடங்கினால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது மரத்துக்கு வருவோம். வெட்டாதீர்கள். பூக்கிற வயதுக்கு வந்த மரம் உங்களிடம் இருக்கிறது, வேர் பிடித்து நிற்கிறது, புதிதாக வைத்தால் அந்த வேர் மறுபடி உருவாக வருஷங்கள் ஆகும். காய் நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் மரத்தின் நோய் இல்லை, பூவின் அமைப்பு.

நாளைக் காலையில் ஒரு கொத்துப் பூவைப் பறித்துக்கொண்டு வெளிச்சத்தில் உட்காருங்கள், கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சின்னப் பூ, ஐந்து இதழ். இதழ்களைப் பிரித்து நடுவில் பாருங்கள். நடுவிலிருக்கும் சூல்தண்டுகள் (மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் பெண் பாகம்) நீளமாக, மகரந்தப் பைகளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு இருக்கின்றனவா, இல்லை குட்டையாக, மகரந்தப் பைகளுக்குக் கீழே ஒளிந்துகொண்டு இருக்கின்றனவா? நட்சத்திரப் பழத்தில் இந்த இரண்டு வகையும் உண்டு, ஒரு மரத்தில் ஒரு வகைப் பூதான் இருக்கும். நீளத் தண்டுப் பூவுக்குக் குட்டைத் தண்டு மரத்தின் மகரந்தம் வேண்டும், குட்டைக்கு நீளத்தின் மகரந்தம் வேண்டும். தன் மகரந்தத்தையே, தன் வகை மரத்தின் மகரந்தத்தையே பெரும்பாலான மரங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. ஊரில் வேறு நட்சத்திரப் பழ மரமே இல்லாத தெருவில் ஒற்றையாக நிற்கும் விதைக் கன்று பூத்துப் பூத்துக் கொட்டுவது இதனால்தான். மலேசியாவில் ஏற்றுமதிக்காக வளர்க்கும் பி10 ரகத் தோட்டங்களில் கூட மகரந்தத்துக்காக இன்னொரு ரகத்தை நடுவில் கலந்து வைக்கிறார்கள். ஃப்ளோரிடாவில் பெயர் பெற்ற ஆர்கின் போன்ற சில ரகங்கள் தனியாக நின்றாலும் காய்க்கும், ஆனால் விதையிலிருந்து வந்த மரத்துக்கு அந்தக் குணம் இருக்குமா என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

இதற்கு வழி மூன்று. பக்கத்தில் இன்னொரு மரம் வைப்பது முதல் வழி, பதினைந்து இருபது அடி தள்ளி இடமிருந்தால் இது நல்லது. அது எதிர் வகையாக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள், அதனால் தாய் மரத்தின் பூவைப் பார்த்துவிட்டு அந்த மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக் கன்றை வாங்க முடிந்தால் பாருங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: இருக்கிற மரத்தின் ஒரு கிளையில் எதிர் வகை மரத்தின் ஒட்டுக்குச்சியைக் கட்டிவிடுவது. ஒரே மரத்தில் இரண்டு வகைப் பூ, தேனீ பக்கத்துக் கிளைக்குப் போனாலே வேலை முடிந்தது, இடமும் மிச்சம். உங்கள் மரம் விதையில் வந்தது என்பதால் பழம் புளிப்பாக இருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் நல்ல இனிப்பு ரகத்தின் குச்சியை இரண்டு மூன்று கிளைகளில் ஒட்டிவிட்டால் மகரந்தமும் சுவையும் ஒன்றாகச் சரியாகும். ஆப்பு ஒட்டு, மொட்டு ஒட்டு இரண்டுமே இதில் வருகிறது. ஒட்டுக் கட்டத் தெரிந்த ஒரு தோட்டக்காரரைக் கூப்பிட்டு, மரம் புதுத் துளிர் விடும் சமயத்தில், ஈரப்பதம் உள்ள நாட்களில் கட்டச் சொல்லுங்கள். கடும் வெயிலில் குச்சி காய்ந்துவிடும். மூன்றாவது வழி கையால் மகரந்தம் சேர்ப்பது. எங்காவது எதிர் வகை மரம் இருந்தால் அன்று காலை விரிந்த பூக்கொத்தை அங்கிருந்து கொண்டுவந்து, மெல்லிய பிரஷால் உங்கள் பூக்களில் தொட்டுவிடுவது. வருஷா வருஷம் செய்யக்கூடிய காரியம் இல்லை, ஆனால் உங்கள் மரத்தின் பிரச்சினை மகரந்தம்தானா என்று சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு கிளையில் மட்டும் செய்து பாருங்கள். அந்தக் கிளையில் காய் நின்றால் விடை கிடைத்துவிட்டது.

ஒன்றைச் சொல்ல வேண்டும், நூறு பூவில் நூறும் காயாகாது, எந்த மரத்திலும் ஆகாது. முதல் வருஷப் பூ பெரும்பாலும் கொட்டிவிடும். மழை அடித்துப் பெய்யும்போது பூத்தால் தேனீ வராது, கொட்டும். பூத்திருக்கும்போது பூச்சி மருந்து அடித்தால் தேனீயையே கொன்றுவிடுகிறோம், அப்புறம் காய் எங்கிருந்து வரும்? கொசுத்தேனீப் பெட்டி ஒன்று தோட்டத்தில் வைத்தால் இந்தச் சின்னப் பூக்களுக்கு ரொம்பப் பொருத்தம்.

கோவை என்பதால் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்றை அங்கிருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நட்சத்திரப் பழ மரம் காற்றுக்கு மிக மென்மையானது என்பது பலருக்குத் தெரியாது. பலத்த காற்று தொடர்ந்து அடித்தால் இலை கிழியும், நுனி காயும், பூ உதிரும், பிஞ்சுகள் ஒன்றோடொன்று உரசி விளிம்பெல்லாம் பழுப்பாகும், சில சமயம் ஒரு பக்கம் முழுக்க மொட்டையாகிவிடும். ஆரல்வாய்மொழி, கயத்தாறு போலக் காற்றாலை நிற்கும் ஊர்க்காரர்களுக்கும் இதே பாடுதான். மரத்துக்கு மேற்கில் சுவரோ, கிளுவை வேலியோ, நெருக்கமாக நட்ட வாழையோ ஏதாவது ஒரு தடுப்பு இருக்கட்டும். சின்னக் கன்றாக இருக்கும்போது நிழல்வலையை மேற்கில் செங்குத்தாகக் கட்டினாலே போதும். உங்கள் மரம் பூப்பது எந்த மாதம் என்று எழுதவில்லை. ஆடிக்காற்றில் பூக்கிறது என்றால் காய் நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது மஞ்சள் இலை. புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறதா? அப்படியென்றால் இரும்புச்சத்து மேலே போகவில்லை. இந்த மரத்துக்குப் பிடித்தது லேசான அமிலத்தன்மை உள்ள மண், கார அமிலநிலை (pH) 5.5 முதல் 6.5 வரை. கோவை, திருப்பூர், பல்லடம் பக்கம் சுண்ணாம்பு கலந்த மண், சில இடங்களில் இரண்டடி தோண்டினாலே சுக்கான் (சுண்ணாம்புக் கல்), ஆழ்துளைத் தண்ணீரும் கடினம். அந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது, துத்தநாகம், மாங்கனீசும் அப்படித்தான். இதைப் பார்த்துவிட்டு யூரியாவை அள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அடுப்புச் சாம்பல் போட்டால் இன்னும் மோசமாகும், சாம்பல் மண்ணின் காரத்தைக் கூட்டும். உடனடி நிவாரணமாக, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, புது இலை பச்சையாக வரும் வரை. கையோடு ஒரு நுண்ணூட்டக் கலவையும் மாற்றி மாற்றித் தெளிக்கலாம். மண்ணில் போடுவதென்றால் சாதாரண இரும்பு சல்பேட் சுண்ணாம்பு மண்ணில் வீணாகிவிடும், சுண்ணாம்பிலும் கரைந்து நிற்கிற ஈடிடிஹெச்ஏ (EDDHA) வகை இரும்புதான் வேலை செய்யும், விலை கூடுதல். நீண்ட காலத்துக்கு நல்லது மட்கிய தொழு உரமும், மண்ணை மூடிப் போடும் இலை தழை மூடாக்கும். மழைநீர் சேமிக்க முடிந்தால் இந்த மரத்துக்கு ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் இதற்கு ஆகவே ஆகாது. சென்னையில் கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் மட்டுமே ஊற்றி வளர்க்கிறவர்கள் இலை நுனி கருகுகிறது என்று கேட்பதற்குப் பெரும்பாலும் உப்புதான் காரணம்.

மஞ்சளாவது புது இலை இல்லை, அடியில் இருக்கும் பழைய இலைகள், மண்ணும் எப்போதும் சொதசொதவென்று இருக்கிறது என்றால் கதை வேறு. தண்ணீர் தேங்குகிறது. இந்த மரத்துக்கு ஈரம் வேண்டும், தேங்கக் கூடாது.

மாலையில் இலைகள் எல்லாம் தொங்கி மடிந்துவிடுவதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று பயப்படாதீர்கள். இருட்டினால் இது இலையை மடக்கிக்கொள்ளும், பலமாக உலுக்கினாலும் மடக்கும், காலையில் விரிக்கும். வெயிலில் நடுப்பகலில் கொஞ்சம் தொங்குவதும் உண்டு. ஆனால் காலை வெயில் ஏறும் முன்பே இலை தொங்கிக் கிடந்தால் அப்போது வேரைப் பாருங்கள்.

இனி, புதிதாக ஒன்று வைக்கப் போகிறவர்களுக்கு. கன்று வாங்கும் இடத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. விதைக் கன்று வாங்காதீர்கள். விதையில் வந்தது காய்க்க நாலைந்து வருஷம், சமயத்தில் அதற்கு மேலும் ஆகும், சுவை என்னவென்று அதுவரை தெரியாது. ஒட்டுக் கன்று நட்ட ஒன்று, இரண்டு வருஷத்தில் காய்க்கும். நர்சரியில் 'இது ஒட்டு' என்று சொன்னால் நம்பிவிடாமல், மண்ணுக்கு ஒரு சாண் மேலே தண்டில் ஒட்டின தழும்பு இருக்கிறதா, அந்த இடத்தில் லேசாக வளைந்து தண்டின் நிறம் மாறுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் நாடா இன்னும் கட்டியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் கத்தியால் கீறி எடுத்துவிடுங்கள், விட்டால் தண்டை இறுக்கிவிடும். ஒட்டுக்குக் கீழே கிளைக்கும் தளிரை அவ்வப்போது கிள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டைத் தாங்கும் வேர்ச்செடி மேலே போய் ஒட்டை அமுக்கிவிடும், சில வருஷம் கழித்து 'இனிப்பு ரகம் வாங்கினேன், புளிக்கிறது' என்று சொல்ல வேண்டி வரும். இனிப்பு ரகமா புளிப்பு ரகமா என்று நர்சரியில் பழம் இருந்தால் அதைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். விளிம்புகள் தடியாகச் சதைப்பற்றாக இருந்தால் பெரும்பாலும் இனிப்பு, மெல்லிசாகக் கத்தி போல ஒடுங்கியிருந்தால் பெரும்பாலும் புளிப்பு. கேரளத்தின் பழக்கன்று நர்சரிகளில் மலேசிய, தாய்லாந்து ரகங்கள் கிடைக்கின்றன. நம் பக்கம் நீலகிரி மலைப்பாதையில் பர்லியாறு அரசுத் தோட்டக்கலைப் பண்ணை மங்குஸ்தான் போன்ற அரிய பழங்களுக்குப் பெயர் போனது, கோவையிலிருந்து போய்வரும் தூரம்தான், அங்கேயும் விசாரித்துப் பாருங்கள்.

விதை போட்டுத்தான் பார்ப்பேன் என்று ஆசைப்பட்டால் (வேர்ச்செடிக்கு விதைக் கன்றுதானே வேண்டும், அதனால் தப்பில்லை) பழத்தை அறுத்த அன்றே விதையைப் போடுங்கள். காயவைத்து எடுத்து வைத்தால் சில நாளில் முளைப்புத் திறன் போய்விடும். திரண்ட, பழுப்பான விதையாகப் பார்த்து எடுத்து ஈரமான கலவையில் போட்டால் வெயில் காலத்தில் ஒரு வாரத்திலேயே முளைத்துவிடும்.

நடுவதற்கு இரண்டரை அடிக் குழி, எடுத்த மேல் மண்ணோடு பத்து கிலோ மட்கிய தொழு உரம், அரை கிலோ வேப்பம் புண்ணாக்கு. கரிசல் மண், களிமண் என்றால் குழிக்குள் நடாமல் ஒன்றரை அடி மேடு கட்டி அதன் மேல் நடுங்கள், ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் அழுகாது. வீட்டுச் சுவரிலிருந்து பத்து அடியாவது தள்ளி. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை ஆரம்பிக்கும் ஊர்களில் அப்போது நடலாம், கோவை போலக் காற்று அடிக்கும் ஊர்களில் புரட்டாசிக்கு மேல் நடுவது உத்தமம். முதல் கோடையில் கன்றுக்குப் பாதி நிழல் வேண்டும், அதன் பிறகு நல்ல வெயில். அரை நாள் வெயில் கிடைக்கும் இடத்திலும் காய்க்கும், முழு வெயிலில் கிடைப்பதை விடக் குறைவாகக் காய்க்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தண்ணீர் விஷயத்தில் ஒழுங்கு முக்கியம். பத்து நாள் காயப்போட்டு ஒரு நாள் வெள்ளமாக ஊற்றினால் பிஞ்சு கொட்டும், நின்ற காயும் வெடிக்கும். சொட்டுநீர் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் கோடையில் இரண்டு நாளுக்கு ஒரு முறை கிளை விரிந்த எல்லை வரை நனையும்படி ஊற்றி, அடியில் காய்ந்த இலை, வைக்கோல், தென்னை மட்டை என்று கிடைத்ததையெல்லாம் மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல் ஒரு சாண் இடம் விட்டு. உரத்தையும் அப்படியே சிறிது சிறிதாக. வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாகக் கொட்டுவதை விட இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மட்கிய உரம் ஒரு கூடை, கொஞ்சம் புண்ணாக்கு, பூக்கும் பருவத்தில் கொஞ்சம் பொட்டாஷ் என்று கொடுப்பதில் மரம் நன்றாக வரும்.

மாடித் தொட்டி? வரும். ஒட்டுக் கன்று மட்டும்தான், விதைக் கன்றைத் தொட்டியில் வைத்து வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் 15 அங்குலத் தொட்டி, ஒரு வருஷம் கழித்து பாதியாக வெட்டிய 200 லிட்டர் டிரம். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, உப்புப் போக நன்றாகக் கழுவின கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, கொஞ்சம் ஆற்று மணல். அந்த டிரம் நனைந்தால் நூறு கிலோவைத் தாண்டும், அதனால் மாடியின் நடுவில் வைக்காமல் அடியில் தூணோ உத்தரமோ வரும் இடத்தில் வையுங்கள். மாடியில் காற்று தரையை விட அதிகம், கைப்பிடிச் சுவரின் மறைவில் இருக்கட்டும். சித்திரை வெயிலில் காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் கேட்கும், ஊருக்குப் போகிறவர்கள் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆறடி உயரத்துக்கு மேல் விடாமல் கிள்ளிக்கொண்டே வந்தால் ஒரு குடும்பம் தின்னும் அளவுக்குப் பழம் கிடைக்கும். மகரந்தப் பிரச்சினை மாடியிலும் அப்படியேதான், இரண்டு டிரம்மில் இரண்டு ரகம் வைப்பது புத்திசாலித்தனம்.

கவாத்து செய்யப் பலருக்கு மனசு வராது. ஆனால் இந்த மரம் சின்னக் கிளைகளிலும், பழைய தடித்த கிளைகளிலும், சில சமயம் நடுத்தண்டிலேயேயும் பூக்கக்கூடியது, அதனால் நுனியை வெட்டினால் பூ போய்விடும் என்ற பயம் தேவையில்லை. சொல்லப்போனால் இளங்கிளையின் நுனியைக் கிள்ளிவிட்டால் சில வாரங்களில் அந்தக் கிளையில் பூ வருவதை நீங்களே பார்க்கலாம், ஃப்ளோரிடாவில் பருவம் தள்ளிக் காய் எடுக்க இதையே முறையாகச் செய்கிறார்கள். மரத்தை எட்டு, பத்து அடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விட்டால் இருபது இருபத்தைந்து அடி போகும், மேலே இருக்கும் பழம் கிளிக்கும் அணிலுக்கும்தான்.

அப்புறம் பழ ஈ. கடையில் கிடைக்கும் மருந்தையெல்லாம் அடித்தாலும் இதற்கு மருந்து சரியான வழி இல்லை, ஏனென்றால் ஈ முட்டை வைப்பது பழத்தின் தோலுக்குள், புழு இருப்பது சதைக்குள். வெளியே ஒரு ஊசிக்குத்து போலத் தெரியும், அறுத்தால் உள்ளே புழு நெளியும். மலேசியாவில் ஏற்றுமதித் தோட்டங்களிலேயே காய் விரல் நீளம் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் காகித உறை போடுகிறார்கள், மரத்தைக் குட்டையாக வளர்ப்பதே அதற்காகத்தான். வீட்டு மரத்துக்கு அது இன்னும் எளிது. கொத்தில் ஒன்று இரண்டு காயை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டு, செய்தித்தாள் பையோ மெல்லிய துணிப் பையோ போட்டுக் கட்டிவிடுங்கள். காயைக் குறைத்தால் நிற்கும் காய் பெரிதாகும், கிளையும் முறியாது. மெத்தில் யூஜினால் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று தொங்கவிட்டால் ஆண் ஈக்கள் குறையும், ஆனால் பொறியை மட்டும் நம்பிப் பை போடாமல் விடாதீர்கள். கீழே விழுந்து அழுகும் பழத்தை அன்றன்றே பொறுக்கி, கட்டிய பிளாஸ்டிக் பையில் வெயிலில் போட்டுவிடுங்கள். உரக்குழியில் மேலோட்டமாகப் போட்டால் அடுத்த தலைமுறை ஈ அங்கிருந்துதான் வரும். பூவையும் தளிரையும் தின்னும் சின்னப் புழு, மாவுப்பூச்சி இவை வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளித்தால் போதும், பூத்திருக்கும் நேரத்தைத் தவிர்த்து.

காய் நின்றதிலிருந்து இரண்டு, இரண்டரை மாதத்தில் பழுக்கும். நம் பக்கம் ஒரு பருவம் புரட்டாசி, ஐப்பசியிலும் இன்னொன்று மார்கழி, தையிலும் வருவது வழக்கம், ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்பின் இருக்கும். இந்தப் பழத்தைப் பச்சையாகப் பறித்து வைத்தால் நிறம் மாறும், ஆனால் இனிப்பு கூடாது. வாழைப்பழம் போலப் பழுக்க வைக்கலாம் என்று நினைத்துக் கடைக்காரர்கள் முன்னதாகப் பறிப்பதால்தான் கடைப் பழம் சப்பென்று இருக்கிறது. வீட்டு மரத்தின் அருமையே இங்கேதான். முழுக்க மஞ்சளாகி, விளிம்பில் மட்டும் லேசாகப் பச்சை இருக்கும்போது பறித்துப் பாருங்கள், அப்படி ஒரு சாறும் மணமும் எந்தக் கடையிலும் கிடைக்காது. விளிம்பின் ஓரத்தைச் சீவி எடுத்துவிட்டுக் குறுக்கே நறுக்கினால் போதும், தோல் உரிக்க வேண்டாம்.

புளிப்பு ரகம் வாய்த்துவிட்டது என்று வருத்தப்படவும் வேண்டாம். சில ஊர்களில் தமரத்தங்காய் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான், அரைப்பழுப்பில் நறுக்கி மாங்காய் போலவே ஊறுகாய் போடலாம், மீன் குழம்பில் புளிக்குப் பதிலாகப் போடலாம், உப்பு மிளகாய்த்தூள் தொட்டுப் பிள்ளைகள் தின்பார்கள். ஆக்சாலிக் அமிலம் புளிப்பில்தான் அதிகம், அதனால் குழம்பில் இரண்டு துண்டு என்ற அளவிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள், சிறுநீரக நோயாளி இருக்கும் வீட்டில் அந்தக் குழம்பும் வேண்டாம். மிஞ்சின பச்சைக் காயை நசுக்கிப் பித்தளை விளக்கு, செம்புக் குடத்தில் தேய்த்துக் கழுவுங்கள், புளி போட்டுத் தேய்த்ததை விடப் பளிச்சென்று வரும்.